வெல்டிங் அக்காவின் வெளிநாட்டுக் கம்பெனி

அவள் இரும்பைப் பற்றவைப்பாள். கணவர் இருக்கைத் துணி தைப்பார். தெருவுக்கே அவள் வெல்டிங் அக்கா. எட்டு வருடமாக மாநில அரசு மருத்துவமனைகளுக்குச் சக்கர நாற்காலி தந்தது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. முன்சக்கரம் உடைந்தால் மாற்றுச் சக்கரம் கப்பலேறி வரவேண்டும். அதுவரை பொறுக்க முடியாமல் மருத்துவமனைக்காரர்கள் நாற்காலியை அக்காவின் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

"இத நாமளே செஞ்சா என்ன?" என்று அவள் கேட்காத நாளில்லை.

"டெண்டர்ல அவங்க முன்னாடி நிக்க முடியுமா?" என்பார் கணவர்.

ஒருநாள் அரசாணை வந்தது: மாநில அரசின் ஒப்பந்தங்களுக்கு இனி வெளிநாட்டு நிறுவனங்கள் போட்டியிட முடியாது. பாதிப் பங்கு வெளிநாட்டவர் கையில் இருந்தாலும் கூடாது. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. படிவத்தை நிரப்பிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

குமாஸ்தா தாள்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, உங்களுது வெளிநாட்டுக் கம்பெனியாச்சே!"

"நானா? கப்பலையே படத்துலதான் சார் பார்த்திருக்கேன்!"

விஷயம் இதுதான். பட்டறைக்கு முதல் போட்டவன் கொழுந்தன். பாதிப் பங்கு அவன் பேரில். வேலைக்கு அயல்நாடு போனவன், போன வருடம் அந்த நாட்டுக் குடிமகனாகிவிட்டான். டெண்டர் முடிய இன்னும் ஆறே நாள்.

அன்று மாலையே கொழுந்தனுக்குப் போன் போட்டு விவரம் சொன்னாள்.

"அண்ணி, நான் அந்நியனா?" அவன் குரல் கம்மியது.

"எனக்கு இல்லப்பா, சர்க்காருக்கு."

உடனே அவனே சிரித்துவிட்டான். "சரி, மாத்தி எழுதிடறேன். அண்ணன் பேருக்கு இல்ல, உங்க பேருக்கு. பட்டறைய நடத்துறது நீங்கதானே?"

பக்கத்தில் நின்ற கணவர், "அப்ப நான் இனிமே முதலாளியம்மாகிட்டதான் லீவு கேக்கணுமா?" என்றார்.

கடைசி நாள் மதியம் பங்கு மாற்றிய பத்திரம் கைக்கு வந்தது. சாயங்காலத்துக்குள் டெண்டர் போட்டாகிவிட்டது. அடுத்த மாதம் அதிகாரிகள், டெண்டர் போட்ட மூன்று பேரின் மாதிரி நாற்காலிகளில் மணல் மூட்டையை ஏற்றி, வாசற்படியில் நூறு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். மற்ற இரண்டின் முன்சக்கரங்களும் கழன்று ஓடின. அக்காவுடையது கிறீச்சிட்டதோடு சரி. எட்டு வருடம் அந்தச் சக்கரத்தோடு மல்லுக்கட்டியவள் அல்லவா!

நானூறு நாற்காலிக்கு ஆர்டர். முதல் லோடு இறங்கியதும் தலைமை நர்ஸ் ஒன்றில் சட்டமாக உட்கார்ந்து, "தள்ளுங்க பார்ப்போம்" என்றார். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே தள்ளு. வார்டின் அந்தக் கோடிவரை இரண்டு பேரின் சிரிப்பும் கேட்டது.