யாரை எந்த வேலைக்கு என்று அறிந்த எங்கள் அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி தங்கை நான்கு முறை கேட்டாள். தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அக்கா மலைமேல் உள்ள மஞ்சக்குட்டையில் மூத்த மகளாகப் பிறந்தார். சேலத்தில் விடுதியில் தங்கிக் கணிதம் படித்தார். ஆள் குறைவாக இருக்கும்போது யாரை எதற்கு அனுப்பினால் மொத்த வேலையும் சீக்கிரம் முடியும் என்று கட்டம் போட்டுக் கண்டுபிடிக்கும் பாடம் அவருக்கு மிகவும் பிடிக்கும். மேலே படிக்க நினைத்திருந்தபோது அப்பா இறந்தார். அக்கா நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள் பிரித்துக் கணக்கெழுதும் ரைட்டராகச் சேர்ந்தார்.

பின்வருவது, அந்த எஸ்டேட்டில் பழம் பறிப்பவரும் துக்கத்துக்கு வந்திருந்தவருமான வெள்ளையம்மாள் சொன்னது. ஒரு பறிப்புக் காலத்தில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். பழம் முழுக்கப் பழுத்து நின்றது. மழையும் வரும்போல் இருந்தது. பறித்த பழத்தை அன்றே மெஷினில் தோலுரிக்காவிட்டால் புளித்துப் போகும். மெஷின் ஒன்றுதான். அதை ஓட்டும் வெள்ளையம்மாளின் கணவரும் படுக்கையில். அக்கா கட்டம் போட்டுப் பார்த்து, எஸ்டேட்டிலேயே வேகமாகப் பறிக்கும் வெள்ளையம்மாளை மெஷினுக்கு அனுப்பினார்.

"ஏனுங்கம்மிணி, என்ர கை அவ்வளவு மோசமாயிருச்சுங்களா?" என்று வெள்ளையம்மாள் கேட்டிருக்கிறார்.

"உங்க வேகம் இல்லீன்னாலும் பறிக்க மத்தவங்க இருக்கறாங்க. ஊட்டுக்காரரு கூட நின்னு மெஷின் பழகுனது நீங்க மட்டுந்தானுங்க."

முதல் நாள் மூட்டை குறைந்தது. மேனேஜர் முகம் சுளித்தார். அக்கா மாற்றவில்லை. மழை இறங்குவதற்குள் செடிகள் காலியாகிவிட்டன. ஒரு மூட்டைகூடப் புளிக்கவில்லை.

வீட்டிலும் அக்கா அப்படித்தான் முடிவெடுத்தார். ஒருவர்தான் கல்லூரிக்குப் போக முடியும் என்ற நிலையில் என்னை அனுப்பினார். தங்கை அவரோடு ஒரு வருடம் பேசவில்லை. அதையும் எழுதச் சொன்னவள் தங்கைதான்.

வயிற்றில் நோய் கண்டு சேலம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அக்கா எங்களுக்கும் வேலை பிரித்தார். தங்கை கட்டிலருகே. அவள் கணவர் மருந்துக்கடைக்கும் ரத்தத்துக்கும். நான் மஞ்சக்குட்டைக்குப் போய் அம்மாவை அழைத்து வர வேண்டும். மகளைப் படுக்கையில் பார்க்க மாட்டேன் என்று அம்மா மலையைவிட்டு இறங்காமல் இருந்தார்.

"நான் இங்கியே இருக்கறனக்கா" என்றேன்.

"ஆரு கூப்புட்டும் அவிய வரல கண்ணு. நீ போனா வருவாங்க."

போனேன். அம்மா மறுபேச்சில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நாங்கள் வார்டுக்குள் நுழைந்தபோது அக்கா உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அம்மா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

ரத்தம் கொடுத்தவர்கள், ஜீப் கொண்டுவந்தவர்கள், துக்கத்தின் மூன்று நாளும் சோறு சமைத்து அனுப்பிய அண்டை வீட்டார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர்கள் விடுபட்டிருக்கும். அன்று யார் வந்தார்கள், யார் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பது எனக்கு நினைவில்லை. அது நீங்களாக இருந்தால், பொறுத்துக்கொள்ளுங்கள்.