ஆகாயத்தோடு ஒத்துப்பார்த்தவர்

அரியாலையில் அந்த அச்சகக்காரரை ஒரேயொரு முறைதான் சந்தித்தேன். மெலிந்த உருவம்; நெற்றியில் கலையாத திருநீறு. கணினியில் ஒவ்வொரு வரியையும் அடிப்பதற்கு முன் கண்களை மூடி முகத்தை மேலே உயர்த்துவார்.

காலமான என் அண்ணனின் முப்பத்தோராம் நாளில் வழங்கும் கல்வெட்டு என்ற நினைவு நூலுக்காக, அவருடைய வாழ்க்கைக் குறிப்பை நானே எழுதிச் சென்றிருந்தேன். "கல்லூரியில் இடம் கிடைக்காமையால் தோட்டம் செய்து தம்பியைப் படிப்பித்தார்" என்ற வரியில் அச்சகக்காரரின் விரல்கள் நின்றன.

"ஐயா, உலகத்திலை நடந்ததெல்லாம் ஆகாயத்திலை பதிஞ்சு கிடக்கு. நான் அதோடை ஒத்துப் பாத்துத்தான் அடிக்கிறனான். இந்த வரி அங்கை வேறை மாதிரிக் கிடக்கு."

"விசர்க்கதை கதையாதையும். எழுதினதை அடியும்."

"ஓம் ஐயா, அடிக்கிறன். என்ரை பிரதியிலை எண்டால் எதையும் மாத்தலாம். அங்கை ஏலாது," என்று பணிவாகச் சிரித்தார்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒருவரைப் படிப்பிக்கவே வசதியிருந்தது. அண்ணனுக்கு வந்த அனுமதிக் கடிதத்தை ஒளித்தவன் நான். அதை எவரும் அறியார்.

கல்வெட்டு நான் எழுதியபடியே வந்தது. வாசித்தவர்கள் என் சகோதர பாசத்தைப் புகழ்ந்தார்கள். அந்த மனிதர் மேலே என்னதான் கண்டார் என்று அன்றே கேட்டிருக்கலாம். சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லை.