முந்திப் போகாத ஸ்கூட்டி

சுமை ஏற்றும் இழுவைப் பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் முன்னால் போனால், வழி கிடந்தாலும் ஜெயரூபி முந்துவதில்லை. கரடிப்போக்குச் சந்தியில் இருந்து உருத்திரபுரம் வரை ஸ்கூட்டியை ஆமை வேகத்தில் உருட்டிக்கொண்டு போவாள். பின்னால் வருபவர்கள் ஹோர்ன் அடித்தே களைத்துப் போவார்கள். பெட்டியின் பின்கதவில் இருப்பது அவள் தூரிகையால் கீறிய படம். கீறி முடித்த ஒவ்வொன்றையும் இப்படிக் கொஞ்சத் தூரம் பின்தொடர்ந்து பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஓடேக்க பாத்தால்தான் பிழை தெரியும்" என்பாள்.

ஆறு வருடங்களுக்கு முன் ஓவியக் கண்காட்சி ஒன்றுக்கு வயல் படமொன்றைக் கொண்டுபோனாள். "இது பெட்டிக்குப் பின்னால கீறுற படம், பிள்ளை. இஞ்ச வைக்கேலாது" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று நாள் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதாள். நாலாம் நாள் தகரக் கொட்டில் ஒன்றைப் போட்டு, 'பெட்டிக்குப் படம் கீறப்படும்' என்று வாசலில் எழுதிவிட்டாள். ரோசக்காரி.

"கண்காட்சிக்கு வாறவை பத்து நிமிசத்தில போயிடுவினம். றோட்டில பெட்டிக்குப் பின்னால வாற சனம் வேற எங்க பாக்கிறது?"

இன்றைக்கு முன்னால் ஓடுவது பரமேஸ்வரனின் பெட்டி. அரிசி ஆலைக்காரர், இன்னும் ஐந்து பெட்டி வைத்திருப்பவர். முதல் வருடம் இவள் கீறிய படத்தைத் தின்னர் போட்டு அழிப்பித்தவரும் அவர்தான். இந்த முறை அவர் கேட்டது பனிமலையும் நீர்வீழ்ச்சியும். இவள் கீறியது அவருடைய வயலையும், வாய்க்கால் கட்டில் நிற்கும் ஒற்றை மருதமரத்தையும்.

"பனிமலையை இவர் எங்க கண்டவர்?"

வாய்தான் அப்படி. காலையில் வந்து பார்த்தவர் உடனே ஏறி ஓட்டத் தொடங்கிவிட்டார்; படம் பிடித்ததோ இல்லையோ அவளுக்குத் தெரியாது. இதையும் அழித்தால் அந்த ஐந்து பெட்டியின் வேலையும் போச்சு. அவர் வேண்டாம் என்றதை ஊரில் வேறு யார் கேட்டு வருவார்கள்?

முந்திப் பாய்ந்த பஸ் ஒன்று குழித் தண்ணீரை வாரி அடித்தது. பின்கதவெல்லாம் சேறு. பரமேஸ்வரன் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். பிறகு தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையை எடுத்து, மருதமரத்தில் தொடங்கி, வரம்பு வரம்பாகத் துடைத்தார்.

அப்பாடா என்று இருந்தது ஜெயரூபிக்கு. சிக்னலைப் போட்டு, அவரை முந்திக்கொண்டு போனாள்.