சென்னப்பண்ணனும் சனிக்கிழமை மிஸ்ஸிங்கும்

அன்றைக்கு அக்ரஹாரத்துச் சந்தில் வண்டி இருமி இருமி நின்றபோது, எதிர் ஷெட்டிலிருந்து வந்த மெக்கானிக் சென்னப்பண்ணன் பானட்டைத் தொடவே இல்லை. பின்சீட்டில் இருந்த பத்மாஸினி மாமியைத்தான் பார்த்தார். மாமிக்கு ஏழு மணிக்கு டயாலிசிஸ் என்று நான் சொன்னதும், ஷெட்டைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, தன் வேனில் மாமியை ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டு வந்தார். அதைப் பற்றி ஒருநாளும் பேசினதில்லை.

ஆனால் என்னை அவர் பேசாத பேச்சில்லை.

அவர் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரர். முப்பது வருஷமாக இங்கே மைசூரில் பழைய கார்களுக்கு மட்டும் வேலை பார்த்தவர். நான் மாமி வீட்டு டிரைவர். வண்டி, மாமியின் ஆத்துக்காரர் வாங்கின பழைய அம்பாசிடர். சனிக்கிழமை காலையில் மட்டும் அதன் என்ஜின் விட்டு விட்டு உதறி மிஸ் அடிக்கும். பத்து நிமிஷம் பிந்தினால் மாமியின் படுக்கை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்புறம் மறுநாள் வரை மாமி மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கணும்.

பிளக்கை மாற்றினார். பாயிண்டை மாற்றினார். காயில், வயர் எல்லாம் மாற்றினார். மத்தியானம் ஷெட்டில் ஓட்டினால் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடும்.

"என்னைப் பார்த்தா மட்டும் உங்க வண்டிக்கு மரியாதை வந்துருதாக்கும்!" என்று ஸ்பானரை வீசினார்.

"சனி பகவான் பார்வையோ என்னமோண்ணா. நவக்கிரகம் சுத்திட்டு வரட்டுமா?"

"மொதல்ல என் கண்ணு முன்னாலருந்து போங்க சாமி."

அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கே மாமி வீட்டுக்கு வந்துவிட்டார். கார் ஷெட் கதவைச் சாத்தி இருட்டாக்கி, பானட்டைத் திறந்து, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். என்ஜின் உதறியது. பிளக் வயரெல்லாம் வந்து சேருகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமேல் நீலப்பொறி புழு மாதிரி ஊர்ந்தது. டார்ச் அடித்தார். மூடி நிறைய ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"இது யாரு வெச்சது?"

"நான்தாண்ணா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழுவிட்டு வைப்பேன். கோபுரமாட்டம் நிக்குதேன்னு இதுக்குக் கொஞ்சம் தாராளமா…"

"ஷெட்டுக்கு வரப்ப ஒண்ணும் இருந்ததில்லையே?"

"காய்ஞ்ச பொட்டோட உங்ககிட்ட வரலாமாண்ணா? தொடைச்சிட்டுத்தான் வருவேன்."

தலையில் கை வைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். "மூணு மாசம்! பிளக்குக்குப் போற கரண்ட்டெல்லாம் உங்க சந்தனத்துல ஒழுகிப் போச்சுங்க. நான் காயிலைத் திட்டுனேன், வயரைத் திட்டுனேன், இந்தப் பாவியை விட்டுட்டேனே!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமி நல்லாயிருக்கணும் என்றுதானே வைத்தேன். அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு, துணியால் மூடியை அழுத்தித் துடைத்தார். அன்றைக்கு ஆறேமுக்காலுக்கு மாமி ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமையும் வண்டி நிற்கவில்லை. போன தை மாசம் அவர் ஷெட்டை மூடிவிட்டு மகள் வீட்டோடு இருக்கக் கிளம்பினார். பஸ் ஏற்றிவிட நானும் போய், பெருமாள் கோயில் துளசி கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அவர் கிளம்பின அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பஸ் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்:

"சாமி கும்பிடறதெல்லாம் பானட்டுக்கு வெளியவே வெச்சுக்குங்க! நாளைக்கு மாமிக்கு ஏழு மணிங்க!"