செவ்வாயும் வெள்ளியும் தாவிய புள்ளி

எனக்குப் பொய் நன்றாகவே வரும். வாயால் சொல்லும் பொய் என்றால் யோசிக்கக்கூட வேண்டியதில்லை, தானாக வந்து விழும். எண்ணாக எழுதச் சொன்னால்தான் கை வராது. எட்டாம் வகுப்பு படிக்கும்போது இந்தக் கோளாறால் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால், இன்றைக்கும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

எங்கள் ஊர் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் இருக்கிறது. பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர். அப்பா, சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரி ஓட்டினார். அக்கா பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பதாக அம்மா ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா சும்மா இல்லை. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதிப் பாஸும் ஆகிவிட்டிருந்தாள். சிநேகிதிக்குக் கல்யாணம் என்று திருச்சிக்குப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவள் அவள். பாக்கி இருந்தது ஓட்டத் தேர்வு ஒன்றுதான். அதுவும் முடிந்து ஆர்டர் கையில் வந்த பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம். முன்னாடியே சொன்னால் என்ன ஆகும் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை. பூலாம்பாடியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். டிவியில் பெண் போலீஸ் ஒருத்தி வந்தபோது, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தக் காக்கிச் சட்டை என்று சேனலை மாற்றியவர் அப்பா.

வற்றிப்போன ஏரிக்குள் ஒரு ரிட்டயர்டு ராணுவக்காரர் செவ்வாயும் வெள்ளியும் காலையில் நாலைந்து பெண்களுக்கு ஓட்டம் பழக்கினார். காசு வாங்கமாட்டார், திட்டு மட்டும் தாராளமாகக் கொடுப்பார். அக்கா வீட்டைவிட்டு வெளியே வர ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அந்தச் சாக்கு நான்தான். தினமும் அவள்தான் என்னைச் சைக்கிளில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவாள். செவ்வாயும் வெள்ளியும் ஸ்பெஷல் கிளாஸ், ஏழரைக்கே கிளம்ப வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தோம். ஏரிக்கரையில் உட்கார்ந்து அவள் போனில் நேரம் பார்ப்பது என் வேலை. முதல் நாள் நானூறு மீட்டர் ஓடி முடித்ததும் வாந்தி எடுத்தாள். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நொடி, மூன்று நொடி என்று குறைத்துக்கொண்டே வந்தாள். நான் நொடியைச் சொல்வதற்கு முன்னால் என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், பரீட்சையே எனக்குத்தான் என்பதுபோல இருக்கும்.

அந்த வருடம்தான் கணக்கு டீச்சர் புதிதாக வந்தார். பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். பள்ளிக்கூடத்தில் பெட்டியோடு பூட்டிக் கிடந்த புரொஜெக்டரை வெளியே எடுத்து, தன் லேப்டாப்பில் மாட்டி, சுவரில் படம் காட்டினார். சினிமா என்று நினைத்து முன்வரிசைக்கு அடித்துக்கொண்டோம். வந்தது மழைக் கணக்கு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தூண். கீழே ஒரு கோட்டில் உருண்டை ஒன்று இருந்தது. அதைப் பிடித்து நகர்த்தினால் வருடம் மாறும், தூண்கள் ஏறும், இறங்கும். எங்களுக்கு உருண்டையை இழுக்கத்தான் கை துறுதுறுத்தது. டீச்சர் விடமாட்டார். தொடுவதற்கு முன்னால் கீழ்க்கோட்டில் என்ன இருக்கிறது, பக்கக்கோட்டில் என்ன இருக்கிறது, எண் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல வேண்டும். தொட்ட பிறகு எது மாறியது, எது மாறவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னவர்களுக்குத்தான் இழுக்கும் பாக்கியம். நான் முந்திக்கொண்டு சொல்வேன், முந்திக்கொண்டு இழுப்பேன். ஒரு மாதத்தில் லேப்டாப் ஏறக்குறைய என் கைக்கு வந்துவிட்டது.

பிறகு, அடுத்தவர் கணக்கு போதும், நம் கணக்கைப் பார்ப்போம் என்றார். இரண்டு வாரத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தையும் பள்ளிக்கூடம் வந்து சேரும் நேரத்தையும் நோட்டில் எழுத வேண்டும். இங்கேதான் என் கோளாறு. மற்ற நாளில் இருபது நிமிடம் என்று எழுதினேன். செவ்வாயும் வெள்ளியும் எண்பது என்று எழுதினேன். ஏன் எழுதினாய் என்று இப்போது கேட்டால் என்ன சொல்ல? எண்பது ஆனது, எழுதினேன். இருபத்தெட்டுப் பேர் கணக்கையும் கூட்டி வகுத்து ஒரே விடையாக ஆக்கிவிடுவார் என்று நினைத்தேன். அதுவரை நான் பார்த்த கணக்கெல்லாம் அப்படித்தான் முடிந்திருந்தது.

அடுத்த வாரம் சுவரில் இருபத்தெட்டுப் புள்ளிகள் வந்து நின்றன. கீழ்க்கோட்டில் கிலோமீட்டர், பக்கக்கோட்டில் நிமிடம், அடியில் திங்கள் முதல் வெள்ளி வரை இழுக்கும் உருண்டை. புள்ளியைத் தொட்டால் பெயர் வந்தது.  திங்கட்கிழமை என் புள்ளி நல்ல பிள்ளையாகக் கூட்டத்தோடு நின்றது. டீச்சர் செவ்வாய்க்கு இழுத்தார். எல்லாப் புள்ளியும் கொஞ்சம் அசைந்தது, என்னுடையது மட்டும் கூரை விட்டம் வரைக்கும் தாவியது. புதன், இறங்கியது. வெள்ளி, மறுபடி தாவியது. வகுப்பே சிரித்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. அவருக்கு ஆர்வம் தாங்கவில்லை. இதுக்கு என்ன காரணமா இருக்கும், ஊகிங்க என்றார். சைக்கிள் பஞ்சர் என்றான் ஒருவன். வாரம் இரண்டு நாள், அதே நாளில் பஞ்சர் ஆகுமா என்று இன்னொருத்தி மடக்கினாள். எல்லாரையும் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"புள்ளி எவ்வளவுன்னுதான் சொல்லும். ஏன்னு அதுக்குத் தெரியாது. ஏன்னு ஆளத்தான் கேக்கணும். சொல்லு."

"லாரி டீச்சர்," என்றேன். செவ்வாயும் வெள்ளியும் கல்லு லாரி வரிசையாக நின்று வழியை அடைத்துக்கொள்கிறது, சைக்கிள் போக முடியவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனேன். எங்கள் பக்கத்தில் எதற்கும் லாரிமேல் பழி போடலாம், யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் எங்கள் தெருப் பையன் ஒருவன் சும்மா இருந்தால்தானே? அவன் புள்ளி தாவவேயில்லையே, அவனும் அதே ரோட்டில்தானே வருகிறான் என்று கேட்டுவிட்டான். அவன் ஓடை வழியாகக் குறுக்கே வருகிறான் என்று சொல்லி வாயை அடைத்தேன். மதியம் அவனுக்கு என் முட்டையைக் கொடுத்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். டீச்சர் விடவில்லை. ஒரு பிள்ளை மட்டும் ஒரு மணி நேரம் ரோட்டில் நிற்கிறது, இது சாதாரண விஷயமா என்று கொதித்தார். பத்து நாளில் பெற்றோர் கூட்டம். அதில் இந்தப் படத்தைக் காட்டி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, காலையில் லாரி விடக் கூடாது என்று கலெக்டருக்கு மனுக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். கம்ப்யூட்டரை இயக்குவது நான் என்றும் சொன்னார்.

அந்தப் பத்து நாளும் நான் பட்ட பாடு! சோறு இறங்கவில்லை. ஹோம்ஒர்க் எழுத உட்கார்ந்தால் பத்து தடவை எழுந்து தண்ணீர் குடித்தேன். டீச்சரிடம் போய், எண்பதைத் தப்பாக எழுதிவிட்டேன், இருபது என்று மாற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். நான்கு தடவையும் தப்பாக எழுதினாயா என்று கேட்டார். நோட்டை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று ஏரிக்கரையில் நாலு தடவை வாயைத் திறந்தேன். ஓட்டத் தேர்வுக்கு இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது, குறைக்க வேண்டியது மூன்றே மூன்று நொடி. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்க்கும்போது எப்படிச் சொல்வது? நானே சமாளித்துக்கொள்கிறேன் என்று வீராப்பாக முடிவு செய்தேன்.

வழியும் கண்டுபிடித்தேன். இடைவேளையில் பழகிப் பார்க்கிறேன் என்று லேப்டாப்பை வாங்கி நோண்டியதில், பக்கக்கோட்டின் உச்சி எண்ணை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று தெரிந்தது. நூறு இருந்த இடத்தில் ஆயிரம் என்று போட்டேன். இருபத்தெட்டுப் புள்ளியும் தரையில் படுத்துக்கொண்டன. செவ்வாய்க்கு இழுத்தால் என் புள்ளி கொஞ்சம் விக்கல் வந்ததுபோல அசைந்தது, அவ்வளவுதான். ஒரு எண்ணையும் நான் மாற்றவில்லை, ஒரு பொய்யும் எழுதவில்லை. என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. போதாததற்கு, கூட்டத்துக்கு அம்மாதான் வருவாள், அவளுக்கு இந்தக் கோடு, புள்ளி எதிலும் பொறுமை கிடையாது.

கூட்டத்தன்று பார்த்தால் அப்பா வந்து நிற்கிறார். லாரி பட்டறையில் நிற்கிறதாம், லீவாம். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டி, நம்ம சின்னதுதாங்க கம்ப்யூட்டரு ஓட்டுது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை என் பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்காதவர்.

ஆயிரத்தைப் போட்டேன். புள்ளிகள் படுத்தன. திங்கள், செவ்வாய், புதன் என்று வேகவேகமாக இழுத்தேன். யாரும் எதையும் கவனிக்கவில்லை. முடிந்தது என்று நான் மூச்சு விடும்போது டீச்சர் கைதட்டினார். நான் செய்ததைப் பார்த்துவிட்டார். கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை. ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

"பாத்தீங்களா? எண்ணு ஒண்ணுகூட மாறல. அளவ மட்டும் மாத்தி நம்ம எல்லாரையும் ஏமாத்திட்டா. நாளைக்கு டிவியில யாராச்சும் படம் காட்டுனா, பிள்ளைங்க ஏமாறக் கூடாதுன்னுதான் இதச் சொல்லித் தரோம்."

இதை நான் பெற்றோருக்கு விளக்கத்தான் செய்தேன் என்று நினைத்துவிட்டார். எல்லோரும் தட்டினார்கள், அப்பாவும் தட்டினார். டீச்சர் குனிந்து நூறு என்று மாற்றி, செவ்வாய்க்கு இழுத்தார். என் புள்ளி தாவியது. அதைத் தொட்டார். என் பெயரும், பக்கத்தில் எண்பது நிமிடம் என்பதும் சுவரில் பெரிதாக வந்து நின்றன.

டீச்சர் லாரிக் கதையைச் சொன்னார், லாரியைத் திட்டக் கிடைத்தால் போதும் என்று எல்லோரும் ஆமாம் போட்டார்கள். மனு விஷயத்தைச் சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்து, நீங்களே லாரி ஓட்டுறவங்க, நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும் சார் என்றார். அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்கு ஒரு தடவை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். அப்புறம் திங்கட்கிழமைக்கு வரச் சொன்னார். வந்தேன். 

"ஆமாங்க டீச்சர்," என்றார் அப்பா. "லாரிதாங்க."

மனுவில் முதல் கையெழுத்தும் அவரே போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. நம்பிவிட்டார்! வெளியே வந்ததும் என் தலையில் கை வைத்து, கெட்டிக்காரி என்றார். வரும் வழியில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். அக்காவுக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா சைக்கிளை எடுக்கும்போது அப்பா பைக்கோடு வாசலில் நின்றார். வேலைக்குப் போன ஆள் லாரியை எங்கோ நிறுத்திவிட்டு வந்திருந்தார். நான் கொண்டுபோயி வுடுறேன், நீ உள்ள போ என்று அக்காவிடம் சாதாரணமாகத்தான் சொன்னார். அப்பா பைக்கில் பள்ளிக்கூடம் போவதென்றால் லேசா? நான் எகிறி உட்கார்ந்தேன். அவர் முதுகைக் கட்டிக்கொண்டு, உங்களுக்கு லாரி ஓட்டுகிற வேலை இல்லையா அப்பா என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடம் போற நேரத்துல ஒரு லாரியும் ரோட்டுல ஓடக் கூடாதுன்னு உத்தரவு போட்டு ரெண்டு வருசமாச்சு. ஒம்போதரை வரைக்கும் சுரங்கத்துக்குள்ளயே ஓரங்கட்டிட்டு டீ குடிச்சிக்கிட்டு கெடப்போம். சும்மாதான இருக்கேன்? இனிமே தெனம் நானே வந்து வுடுறேன்."

காற்றில் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் தெளிவாக விழுந்தது. அப்பா சும்மாதான் இருக்கிறார், தினமும் வருவார் என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. கம்ப்யூட்டரை நன்றாக ஓட்டியதற்குப் பரிசு என்று நினைத்தேன். அந்தப் பெருமையில் அக்காவின் ஓட்டமே எனக்கு மறந்துபோயிற்று. ஏரியைத் தாண்டும்போது, உள்ளே நாலு பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கரையில் ராணுவக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக நின்றார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா என் யூனிபாரத்தை மடித்துக்கொண்டே, மெதுவாக, வேறு எங்கோ பார்த்தபடி கேட்டாள்.

"நாளைக்கும் அப்பாதான் வந்து வுடுறாராடி?"

"தெனமும் அப்பாதான்," என்றேன் நான். "இனிமே நீ சைக்கிள் மிதிக்க வேணாங்க்கா. நல்லாத் தூங்கலாம்."

மடித்த யூனிபாரத்தை உதறி, மறுபடி முதலிலிருந்து மடித்தாள். நல்ல சேதி சொன்ன நினைப்பில், அவள் சிரிப்பாள் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.