சத்தியம் செய்த ரொட்டி

கோல்மத் பிழைப்புக்காகக் காத்தது ஒரே வாசலைத்தான். முதலில் அதற்குள் குழந்தைகள் இருந்தார்கள். சோவியத் நாடு கலைந்து, தலைநகரான துஷான்பேயில் தூதரகங்களுக்கு இடம் தேடியபோது, அந்தப் பாலர் பள்ளியைக் காலி செய்து ஒரு வெளிநாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். குழந்தைகள் போனார்கள், கொடி வந்தது. கோல்மத் கட்டடத்தோடு சேர்ந்த சாமானாக அங்கேயே நின்றுவிட்டார். தூதரின் அறைச் சுவரில் தொப்பி போட்ட வாத்துகள் இன்னும் வரிசையாக நடந்துகொண்டிருந்தன. வெள்ளையடிக்க ஆள் தேடுவதற்குள் சண்டை வந்துவிட்டது.

வெளியிலிருந்து எவனாவது வந்து போட்ட சண்டையாக இருந்தாலாவது மனம் ஆறும். குலோப்காரன் கர்ம்காரனைச் சுட்டான், கர்ம்காரன் குலோப்காரனைச் சுட்டான். ஒரே நாட்டுக்காரர்கள், ஊர்தான் வேறு; இரண்டு பேருக்கும் ஒரே மொழி, ஒரே தொழுகை. கோல்மத்துக்குச் சொந்த ஊர் குலோப். அவரோடு வாசலில் நின்ற இஸ்மத்துக்குக் கர்ம். அப்படி இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதே அந்த வருடம் ஊரில் அதிசயமாகிவிட்டது.

அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. எந்தப் பக்கத்துத் துப்பாக்கி வாசலுக்கு வருகிறதோ, அந்தப் பக்கத்து ஆள் வெளியே போய்ப் பேச வேண்டும். மற்றவர் சமையலறைக்குப் போய் உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும். தூதருக்கு இதெல்லாம் தெரியாது. தன்னைக் காப்பது சர்வதேசச் சட்டம் என்று அந்த நல்ல மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கோடையில் நகரம் கர்ம்காரர்களின் கையில் இருந்தது. கோல்மத் மூட்டை மூட்டையாகக் கிழங்கு உரித்தார். ஒருநாள் ஒரு கூட்டம், உள்ளே குலோப்காரன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு வந்தது. "அவன் என் மாமன் மகன், நம்ம ஆளு" என்றான் இஸ்மத். அந்த ஊர் வழக்கப்படி, ரொட்டியில் கை வைத்து ஒரு தலை மேல் சத்தியம் செய் என்றார்கள். ரொட்டியில் கை வைத்தும் சொன்னான். நம்பிப் போய்விட்டார்கள்.

"யார் தலையில சத்தியம் பண்ணே?" என்று கோல்மத் கேட்டார்.

"என் தலையிலதான்ணே. சும்மாதானே கெடக்கு."

கோடை முடிவதற்குள் இஸ்மத்தின் மகள் ஜைனுரா டைபாய்டில் இறந்துபோனாள். ஒரே பிள்ளை. கடைகளில் மருந்தில்லை, ஆஸ்பத்திரியில் மின்சாரமில்லை, ஊரில் எத்தனையோ பிள்ளைகள் அப்படிப் போயின. ஆனால் துக்க வீட்டில் இஸ்மத்தின் மனைவி பார்த்த பார்வையிலேயே, சத்தியம் யார் தலையில் நடந்ததென்று கோல்மத்துக்குப் புரிந்துவிட்டது. பிறகு அவளும் புருஷனை விட்டுத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இஸ்மத் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் கோல்மத்துக்கு மூச்சாவது விட முடிந்திருக்கும்.

டிசம்பரில் காற்று திரும்பியது. குலோப்காரர்கள் டாங்கிகளோடு நகருக்குள் வந்தார்கள். தூதரக வாசலில் முதல் குண்டு விழுந்ததும், காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள். தூதரும் மற்றவர்களும் நிலவறையில் இறங்கினார்கள். ரஷ்யப் படை வந்து அழைத்துப் போகும் என்று தொலைபேசியில் சொன்னார்கள், எப்போது என்று சொல்லவில்லை. இஸ்மத் சமையலறைக்குப் போனான்.

கோல்மத் வாசல் தூணுக்குப் பின்னால் நின்று, ஊர்ப் பேச்சில் கத்தினார். "எந்த ஊர்ப் பசங்கடா நீங்க? கதவு மூடியிருந்தா தட்டணும்னு வீட்டுல சொல்லித் தரலையா?"

சுடுவது நின்றது. ரோமத் தொப்பி போட்ட தலைவன் கிட்டே வந்தான். மீசை இன்னும் சரியாக முளைக்காதவன்.

"நம்மூரா நீ? வெளிநாட்டானுக்குக் கதவு காக்கறியே மாமா, வெக்கமா இல்ல?"

"முன்னாடி இதே கதவுல உன்னை மாதிரி மூக்கொழுகிப் பசங்களைக் காத்தேன். அதுக்கு இது தேவலை."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "உள்ள இருக்கறவங்க எங்களுக்கு வேணாம். ஜீப் வேணும். உன்கூட நிக்கறானே கர்ம்காரன், அவன் வேணும்."

"ஜீப்பை எடுத்துக்கோ. கர்ம்காரன் எவனும் இல்ல. இருக்கறது என் மாமன் மகன், குலோப்தான்."

"கூப்பிடு."

"டைபாய்டு. படுத்திருக்கான். பக்கத்துல போறதுன்னா போ."

யாரும் போகவில்லை. தலைவன் காவல் கூண்டுக்குள் கையை விட்டு, கோல்மத்தின் துணி மூட்டையிலிருந்து ரொட்டியை எடுத்து நீட்டினான். "கை வை."

வைத்தார். "என் தலை மேல சத்தியமா..."

"நரைச்ச தலையை வெச்சு என்ன பண்றது? பிள்ளை இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ரொட்டியில் கை இருக்கும்போது வாய் அப்படிப் புரளவில்லை. "ஒரு பையன். திலோவர்."

"அவன் தலை மேல சொல்லு."

திலோவர் அப்போது குலோபில் அத்தை வீட்டில் இருந்தான். கோல்மத்துக்கு ஜைனுராவைத் தூக்கிப்போன மரக்கட்டில் கண்ணில் வந்து நின்றது. மகன் பெயரைச் சொல்லி, ஒரு சொல் விடாமல் பொய்ச்சத்தியம் செய்தார். அவர்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார்கள்.

நிலவறையிலிருந்து ஏறி வந்த தூதர், கோல்மத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஜீப் எங்கே என்று கேட்டார்.

சமையலறையில் இஸ்மத் ஒரு பட்டாளத்துக்குப் போதுமான கிழங்கை உரித்துக் குவித்திருந்தான். கோல்மத் ரொட்டியை மேசையில் வைத்தார். அதைத் தின்னவும் முடியாது, எறியவும் கூடாது.

"யார் தலையிலண்ணே?"

"என் தலையிலதான்."

கோடையில் தான் சொன்ன அதே பதில் என்று இஸ்மத்துக்குப் புரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டான்.

"டேய், என்ன பண்றே?"

"சத்தியம் பண்ணின ரொட்டிய எவன் தின்னானோ, சத்தியம் அவனைத்தான் புடிக்கும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. என்கிட்ட வந்து அது எதை எடுக்கும்? எடுத்தாச்சே."

அவர்கள் பக்கம் அப்படி ஒரு பேச்சு இருப்பதாகக் கோல்மத் கேள்விப்பட்டதில்லை. இஸ்மத் அவசரப்படாமல், துணுக்கு விடாமல் பொறுக்கித் தின்றான். கையிலிருந்து பிடுங்கியிருக்க வேண்டும். பாதியையாவது கேட்டிருக்க வேண்டும். கோல்மத் பச்சைத் தேநீரை ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினார், தொண்டையில் நிற்காமல் முழுவதும் இறங்கட்டும் என்று.