வெறுங்கையோடு ஒரு நடை

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு முப்பத்தெட்டு வயது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு மாடியில் இருந்தது. இருபது படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். சாக்பீஸைத் தொடுவதற்கு முன் நாற்காலியைத் தேடுவேன். ரத்தக் கொதிப்பு என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, இதயமும் ஒரு தசைதான், வேலை கொடுக்காவிட்டால் அதுவும் சோம்பிப் போகும், தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும் என்றார். எவ்வளவு வேகம் என்று கேட்டேன்.

"பேச வரணும், பாட வரக்கூடாது. அந்த வேகம்."

என் கணவர் சிரித்தார். மாதா மாதம் மலை சுற்றுகிறவளுக்கு இன்னும் என்ன நடை என்றார். பன்னிரண்டு வருஷமாக நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். எங்கள் ஊரில் மலையை எப்படிச் சுற்றுவோம்? நிறைமாதக் கர்ப்பிணி போல அடிமேல் அடி வைத்து. வேகமாக நடந்தால் புண்ணியம் இல்லை என்பார்கள். வழியெல்லாம் உட்கார்ந்து, பாதி வழியில் அடி அண்ணாமலையில் வயிறு முட்டத் தின்று, வீடு திரும்ப அரை நாள் ஆகும். சாமிக்கு அது போதும். நெஞ்சுக்கு எப்படிப் போதும்? மாதத்தின் மீதி நாளெல்லாம் நாற்காலியில் அல்லவா இருந்தேன்!

வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கினேன். விடிந்ததும் ஊருக்கு வெளியே வேங்கிக்கால் சாலையில் நடக்க ஆரம்பித்தேன். நாலே நாளில் ஊர் வாய் திறந்துவிட்டது. புருஷனோடு சண்டையாம், கோபித்துக்கொண்டு போகிறேனாம். மாமியார் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். என் கணவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"கையில ஒரு தூக்காவது எட்த்துக்கினு போ. பால் வாங்கப் போறனு நெனச்சுப்பாங்க."

வெட்கக்கேடு, ஒரு வாரம் எடுத்துக்கொண்டும் போனேன். காலித் தூக்கு தொடையில் இடிக்க இடிக்க எரிச்சல் ஏறியது. பாலுக்காகப் பொம்பளை ஓடலாம், சாமிக்காக நடக்கலாம். தன் உடம்புக்காக அரை மணி நேரம் நடந்தால் மட்டும் குடும்ப மானம் போய்விடுமாம். அதே சாலையில் ஆண்கள் பனியனோடு ஓடினார்கள். அவர்களை யார் என்ன கேட்டார்கள்?

எட்டாம் நாள் தூக்கை அடுப்படியிலேயே விட்டேன். "நாளைக்கு என் நெஞ்சு நின்னுபோனா, இந்த மானத்த வச்சி என்னா பண்ணுவீங்க?" என்று கணவரிடம் கேட்டேன். ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு கிளம்பினேன்.

தெருமுனையில் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைக் காலூன்றி நிறுத்தினார்.

"இன்னா டீச்சர், இவ்ளோ வேகமா? வீட்ல யாருக்கனா ஒடம்பு சரியில்லயா?"

"ஆமாங்க, எனக்குத்தான்," என்றேன். நிற்கவில்லை.